கிழக்காசியக் கல்விக்கு எந்தப் பல்கலைக்கழகம்?

சத்தியவேடு பக்கத்திலிருந்து ஒரு தந்தை இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவருடைய மகள் இன்டர் இரண்டாம் ஆண்டில் சி.இ.சி. (குடிமையியல், பொருளியல், வணிகவியல்) பிரிவில் படிக்கிறாள். கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்து அம்மொழியின் எழுத்துகளைத் தானே கற்றுக்கொண்டவள், இப்போது கிழக்காசியக் கல்வியில்தான் பட்டம் படிப்பேன் என்று நிற்கிறாள். தில்லியில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம், ஆண்டுக்குச் சில லட்சம் கட்டணம் கேட்கும் ஒரு தனியார் பல்கலைக்கழகம், முகவர் ஒருவர் கைகாட்டிய வெளிநாட்டுக் கல்லூரி என்று மூன்று வழிகள் வீட்டில் பேச்சில் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுப்பது, படித்து முடித்தால் பெண்ணுக்குப் பிழைப்பு உண்டா என்பது அவருடைய கேள்வி.

ஐயா, நான் நாகலாபுரத்துக்காரன். தில்லியில் ஜப்பானிய மொழியில் பட்டமும் பிறகு கிழக்காசியக் கல்வியில் முதுகலையும் முடித்து, இப்போது ஸ்ரீசிட்டி தொழில் நகரில் ஜப்பானிய நிறுவனங்களுக்கான மொழிபெயர்ப்பைக் கவனித்து வருகிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களைத் தேர்வு செய்வதும் என் பொறுப்பில் இருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையோ பட்டத்தின் பெயரையோ வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். அந்தப் பட்டம் உங்கள் மகளை ஒரு கிழக்காசிய மொழியில் நாளிதழையும் நூலையும் பிறர் துணையின்றிப் படிக்கும் நிலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்குமா என்பதை முதலில் பாருங்கள். அது நடக்கும் இடம் எந்த ஊரில் இருந்தாலும் நல்ல இடம். அது நடக்காத இடத்துக்கு எத்தனை லட்சம் கட்டினாலும் வீண்.

கிழக்காசியக் கல்வி என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் நடக்கின்றன. ஒன்று, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுள் ஒன்றை முதல் எழுத்திலிருந்து கற்றுக்கொடுத்து, அந்த மொழியின் வழியாகவே அந்நாட்டின் வரலாறு, இலக்கியம், சமூகம் ஆகியவற்றுக்குள் அழைத்துச் செல்வது. மற்றொன்று, அரசியலையும் பொருளாதாரத்தையும் பன்னாட்டு உறவுகளையும் ஆங்கில நூல்களைக் கொண்டு நடத்தி, மொழியைத் துணைப் பாடமாக ஓரத்தில் வைத்திருப்பது. இரண்டுமே தேவையானவை. ஆனால் முதல் பட்டத்துக்கு முன்னதும் முதுகலைக்குப் பின்னதும் என்ற வரிசையில் போகிறவர்களே இந்தத் துறையில் நிலைப்பதைப் பார்த்து வருகிறேன். பதினெட்டு வயதில் மொழிக்காகக் கொடுக்க முடிகிற மூன்று முழு ஆண்டுகளை இருபத்தைந்துக்கு மேல் யாராலும் கொடுக்க முடிவதில்லை. அதற்குள் வேலை வந்துவிடும், குடும்பம் வந்துவிடும். கொள்கைகளையும் கோட்பாடுகளையும் எந்த வயதிலும் படித்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா பல்கலைக்கழகத்தில் உள்ள மையம் தென்கிழக்கு ஆசியாவையும் பசிபிக் பகுதியையும் பற்றியது. வியட்நாமையோ கம்போடியாவையோ இந்தோனேசியாவையோ ஆராய விரும்புகிறவருக்கு இத்தனை அருகில் அப்படியொரு மையம் இருப்பது பெரிய வாய்ப்பு. சீனா, ஜப்பான், கொரியா, தைவான் ஆகியவற்றை நாடிப் போகிறவருக்கு அது உரிய இடமன்று.

மொழிக்கு எவ்வளவு நேரம் வேண்டும் என்பதற்கு நம்பத்தக்க ஓர் அளவு இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிலையம், ஆங்கிலம் பேசும் தன் அலுவலர்கள் சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றில் பணிக்குப் போதுமான தேர்ச்சி பெற ஏறத்தாழ 2,200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கிட்டிருக்கிறது. பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் அதில் மூன்றில் ஒரு பங்கே போதும். இப்போது நீங்கள் பார்க்கும் பல்கலைக்கழகத்தின் கால அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டு பெருக்கிப் பாருங்கள். வாரத்துக்கு 4 மணி நேரம் மொழி வகுப்பு, பருவத்துக்கு 15 வாரம், 6 பருவம் என்றால் மூன்று ஆண்டில் மொத்தம் 360 மணி நேரம். வாரத்துக்கு 16 மணி நேரம் என்றால் 1,440. இரண்டு இடங்களிலும் கொடுக்கப்படும் பட்டச் சான்றிதழில் இந்த வேறுபாடு தெரியாது. விளம்பரத் தாளிலும் தெரியாது. ஆகவே, எந்தப் பல்கலைக்கழகத்திடமும் முதலில் கேட்க வேண்டியது, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மொழி வகுப்பு நடக்கிறது, மூன்றாம் ஆண்டிலும் அது தொடர்கிறதா என்பதே.

இந்த வேறுபாடு எங்கே வெளிப்படுகிறது என்பதற்கு என் பணியிடத்திலிருந்து ஒன்றைச் சொல்கிறேன். நேர்முகத்துக்கு வருகிறவர்களிடம் ஒரு பக்கத் தாள் ஒன்றைக் கொடுப்பது எங்கள் வழக்கம். ஆலையில் ஓர் இயந்திரம் நின்றுபோனதற்கான காரணத்தை ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் கையால் எழுதிய அறிக்கை அது. எண்ணெய்க் குழாயில் கசிவு, அதற்கு முன் வாரம் வடிகட்டி மாற்றப்படவில்லை, மாற்றச் சொல்லி இரவுப் பணிக் குழுவுக்குத் தகவல் போகவில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் பெரும்பாலும் வெளியே தெரியாமல் நிற்கும். யார் மாற்றவில்லை, யார் சொல்லவில்லை என்பதை வினையின் வடிவத்தையும் முன்வாக்கியத்தையும் வைத்தே உணர வேண்டும். வணக்கம் சொல்வதிலும் தன்னை அறிமுகம் செய்துகொள்வதிலும் அழகாகப் பேசிய பட்டதாரிகள் பலர் இந்தத் தாளில் மூன்றாவது வரியில் நின்றுவிடுகிறார்கள். தவறு இரவுக் குழுவினுடையதா, பகல் குழுவினுடையதா என்பதை மாற்றிச் சொன்னால் ஒரு தொழிலாளிக்கு வேலை போகலாம். படித்துப் பொருள் கொள்ளும் பயிற்சியை வாரம் 4 மணி நேர வகுப்பு கொடுப்பதில்லை. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எந்த மொழி என்பதையும் இப்போதே யோசித்துவிடுங்கள், ஏனென்றால் பல்கலைக்கழகத் தேர்வு அதைப் பொறுத்தே அமைகிறது. நாம் இருக்கும் இடம் இதில் நமக்குச் சாதகம். ஸ்ரீசிட்டியில் இசுசு 2016 முதல் வாகனங்கள் செய்கிறது. டைக்கின் 2023-இல் ஆலை திறந்தது. கோபெல்கோவும் யூனிசார்மும் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், அனந்தபுரம் பக்கம் பெனுகொண்டாவில் 2019 முதல் கியா. ஸ்ரீபெரும்புதூரில் தைவான் நாட்டு ஃபாக்ஸ்கான். தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் மூன்றையும் இயல்பாகப் பேசும் பிள்ளைக்கு இவற்றோடு ஒரு கிழக்காசிய மொழியும் கைவந்துவிட்டால், தில்லியிலிருந்து வரும் மொழிபெயர்ப்பாளருக்கு இல்லாத பலம் அது. ஆலைத் தளத்தில் பொறியாளர் பேசுவதை நேரே தொழிலாளியின் மொழியில் சொல்ல அவரால் முடியாது, உங்கள் மகளால் முடியும்.

மூன்றில் எது எளிது என்று கேட்பார்கள். கொரிய எழுத்து 1443-இல் மன்னர் செஜோங் காலத்தில் உருவாக்கப்பட்டு 1446-இல் வெளியிடப்பட்டது. சில நாட்களில் படித்துவிடலாம். ஜப்பானியத்தில் பொதுப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த சீன எழுத்துகள் மட்டும் 2,136. சீனத்தில் எழுத்துச் சுமையோடு, குரலின் ஏற்ற இறக்கத்தால் சொல்லின் பொருளே மாறும் தொனியும் சேர்கிறது. ஆனால் கொரியத்திலும் எழுத்தைத் தாண்டியவுடன் மரியாதைப் படிநிலைகளும் வினைமுடிபுகளும் மலைபோல் வந்து நிற்கும். எழுத்து எளிது என்பதால் மொழியும் எளிது என்று எண்ணிவிடக் கூடாது. நமக்கு ஒரு வசதி உண்மையாகவே உண்டு. ஜப்பானியமும் கொரியமும் நம் மொழியைப் போலவே வினையை வாக்கியத்தின் கடைசியில் வைத்து, பெயருக்குப் பின் உருபுகளைச் சேர்த்துப் பேசுகின்றன. ஆங்கிலம் வழியாக வருகிறவர் தடுமாறும் இடங்களில் தமிழ்ப் பிள்ளைகள் தயங்காமல் போவதை வகுப்பில் காணலாம். இதை வைத்துக்கொண்டு, ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ முன்வைத்த தமிழ்–ஜப்பானிய உறவுக் கருத்தை நிலைநாட்டத்தான் இந்தப் படிப்பு என்று சிலர் கிளம்புகிறார்கள். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அக்கருத்தை ஏற்கவில்லை. ஒரு பதினேழு வயதுப் பெண் தன் படிப்பை அதன்மேல் கட்ட வேண்டாம்.

இனி இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு வருகிறேன். இன்டர் முடித்தவுடன் சேரும் முதல் பட்டத்துக்கு என் முதல் பரிந்துரை தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். அங்கு சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றிலும் மூன்றாண்டு பி.ஏ. ஆனர்ஸ் இருக்கிறது, மொழி முன்பின் தெரியாதவர்களையும் சேர்த்து முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள், நாளின் பெரும்பகுதி மொழி வகுப்பிலேயே போகும். கல்விக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். அதே வளாகத்தில் பன்னாட்டுக் கல்விப் பள்ளியின் கீழ் கிழக்காசிய ஆய்வு மையம் தனியாக இருக்கிறது. பட்டம் முடித்தபின் அரசியலையோ பொருளாதாரத்தையோ நாடுகிறவர் வேறு ஊருக்குப் போக வேண்டியதில்லை. இடங்கள் குறைவு, போட்டி மிகுதி. விடுதி அறை உடனே கிடைக்கும் என்று நம்பிப் போகாமல், முதல் சில மாதங்களுக்கு வெளியில் தங்கும் செலவையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாதில் உள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் நமக்கு அருகில் இருப்பது. ஜப்பானியம் உள்ளிட்ட அயல்மொழிகளில் பட்டம் தருகிறது. மொழி கற்பிப்பதையே தன் முதன்மைப் பணியாகக் கொண்ட நிறுவனம் அது. பெண்ணை ஓர் இரவுப் பயண தூரத்துக்கு மேல் அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கு இதைத் தயக்கமின்றிச் சொல்வேன். சாந்திநிகேதனில் விசுவபாரதியின் சீன பவனம் 1937-இல் தாகூரும் சீன அறிஞர் தான் யுன்-ஷானும் சேர்ந்து தொடங்கியது. இந்தியாவில் சீனக் கல்வியின் தாய்வீடு என்றே அதைச் சொல்லலாம். பழைய சீன நூல்களின் தொகுப்பும் அங்கு உண்டு. ஜப்பானியத்துக்கும் தனித் துறை இருக்கிறது. டேராடூனின் தூன் பல்கலைக்கழகத்தில் சீனமும் ஜப்பானியமும், ராஞ்சியில் ஜார்க்கண்ட் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சீனமும் கொரியமும் படிக்கலாம்.

தில்லிப் பல்கலைக்கழகத்தின் கிழக்காசியக் கல்வித் துறையைப் பற்றி ஒரு விளக்கம் தேவை. 1962 இந்திய-சீனப் போருக்குப் பின், சீனாவை அறிந்தவர்கள் நாட்டில் இல்லையே என்ற உணர்வில் 1964-இல் சீனக் கல்வி மையமாகத் தொடங்கியது அது. அதன் பலம் முதுகலையிலும், பட்டதாரிகளுக்கான தீவிர மொழிப் பட்டயங்களிலும் இருக்கிறது. இன்டர் முடித்தவுடன் சேரும் இடமாக அதை எண்ணாமல், இரண்டாம் படியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் இன்னொரு வழியும் திறக்கிறது. செலவும் குறைவு என்பதால் பல குடும்பங்களுக்கு இதுவே பொருந்தும். வீட்டிலிருந்தோ சென்னை விடுதியிலிருந்தோ வரலாறு, பொருளாதாரம், அரசியல் ஆகியவற்றில் ஒன்றை நல்ல கல்லூரியில் பட்டமாகப் படித்துக்கொண்டே, மொழியை வெளியில் முறையாகக் கற்பது. சென்னையில் ஜப்பானியத்துக்கு ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் மையமும், கொரியத்துக்கு இன்கோ மையமும் இருக்கின்றன. ஜப்பானிய மொழித் திறன் தேர்வு, தொடக்க நிலையான என்-5 முதல் உயர் நிலையான என்-1 வரை ஐந்து நிலைகளில், சூலையிலும் திசம்பரிலும் நடக்கிறது, சென்னையிலேயே எழுதலாம். மூன்று ஆண்டில் என்-3 வரை வந்துவிட்ட ஒரு வரலாற்றுப் பட்டதாரி, தில்லியில் முதுகலைக்குப் போகும்போது, மொழி மட்டும் படித்தவரைவிடச் சில இடங்களில் முன்னே நிற்பார். இந்த வழிக்கு வேண்டியது தன்னொழுக்கம். கல்லூரித் தேர்வு நெருங்கும்போதெல்லாம் மொழி வகுப்பை விட்டுவிடும் பழக்கம் வந்துவிட்டால் இரண்டும் கெடும்.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பொதுவாக ஒதுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே "கிழக்காசியா" என்பது பெரும்பாலும் பன்னாட்டு உறவுப் பட்டத்துக்குள் இரண்டு மூன்று விருப்பப் பாடங்களாகவே இருக்கிறது. துறையின் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். கொரியாவையோ ஜப்பானையோ பற்றி அந்த மொழி மூலங்களைக் கொண்டு ஆய்வேடு எழுதிய நிரந்தர ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா, மொழி வகுப்பை நடத்துகிறவர் பருவத்துக்குப் பருவம் மாறும் ஒப்பந்த ஆசிரியரா என்று கேளுங்கள். அவர்கள் கேட்கும் அந்த லட்சங்களுக்கு இந்த இரண்டு கேள்விகளின் பதில்தான் நியாயம் சொல்ல வேண்டும்.

வேலையைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால், இந்தப் படிப்பின் அடியாழத்தில் இருக்கும் ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடக் கூடாது. தமிழ் தெரிந்த ஒருவர் சீனமோ ஜப்பானியமோ படித்தால், உலகில் மிகச் சிலரே செய்யக்கூடிய ஆய்வுக்கு அவர் தகுதி பெறுகிறார். சோழர் தூதுக் குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோங் அரசவைக்குப் போனதைச் சீன வரலாற்றுக் குறிப்புகள் பதிவு செய்திருக்கின்றன. சீனத்தின் சுவான்சோ துறைமுக நகரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அங்கே ஒரு சிவன் கோயில் இருந்ததற்குச் சான்று அது. அதன் கடைசியில் சீன எழுத்தும் இருக்கிறது. சீனக் கடல் தளபதி செங் ஹோ 1409-ஆம் ஆண்டைப் பொறித்து இலங்கையின் காலியில் நிறுத்திய கல், சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் எழுதப்பட்டது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னாவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கைகளைச் சொல்கின்றன. அக்கல் இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மூன்று பகுதிகளையும் மொழிபெயர்ப்பின் துணையில்லாமல் ஒருவரே வாசித்து ஒப்பிட முடிந்தால் என்னவெல்லாம் தெரியவரும் என்று எண்ணிப் பாருங்கள். எதிர்த்திசையிலிருந்து அந்த உழைப்பைச் செய்து காட்டியவர் நொபோரு கராஷிமா (1933–2015). ஜப்பானில் பிறந்து, சென்னைக்கு வந்து தமிழும் கல்வெட்டும் கற்று, சோழர் கால நிலவுடைமையைப் பற்றி நாமே அறியாதிருந்தவற்றைச் சொன்னார். 2013-இல் பத்மஸ்ரீ பெற்றார். நம் பக்கத்திலிருந்து அந்த அளவு ஆழத்தோடு கிழக்கே போனவர்கள் மிகவும் குறைவு. உங்கள் மகளுக்கு வரலாற்றில் நாட்டம் உண்டென்றால், செவ்வியல் சீனம் கற்பிக்கும் ஆசிரியர் இருக்கும் துறையை முதுகலைக்குத் தேடச் சொல்லுங்கள்; பழைய கொரிய, ஜப்பானிய ஆவணங்களும் பெரும்பாலும் அதில்தான் எழுதப்பட்டன.

வெளிநாட்டுக்கு வருவோம். முதல் பட்டத்துக்கே வெளிநாடு என்றால், உதவித்தொகை கிடைத்தால் மட்டும் என்பது என் உறுதியான கருத்து. ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை இளங்கலைக்கு ஐந்து ஆண்டு. முதல் ஆண்டு முழுவதும் மொழிப் பயிற்சி. கல்விக் கட்டணம் இல்லை. மாதந்தோறும் 1,17,000 யென் அளவில் உதவித்தொகை. சென்னையில் உள்ள ஜப்பானியத் துணைத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கலைப் பிரிவுக்குப் போகிறவர்களும் ஜப்பானியம், ஆங்கிலம் ஆகியவற்றோடு கணிதத் தேர்வும் எழுத வேண்டும். உங்கள் மகள் சி.இ.சி. என்பதால் இன்டரில் கணிதம் இல்லை. இந்த வழியை நாடினால் இப்போதிருந்தே தனியாகக் கணிதம் படிக்க வேண்டும். கடைசி மாதத்தில் முடியும் காரியமன்று.

கொரிய அரசின் ஜி.கே.எஸ். உதவித்தொகையில் அப்படியொரு தேர்வு இல்லை. பள்ளி மதிப்பெண் 80 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஆவணங்களையும் தன்விளக்கக் கட்டுரையையும் வைத்துத் தேர்வு செய்து, நேர்காணல் நடத்துகிறார்கள். ஓராண்டு மொழி, நான்காண்டு பட்டம். டோபிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலையை எட்டினால்தான் பட்டப் படிப்பைத் தொடங்க முடியும். இளங்கலை விண்ணப்பம் பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபரில் வரும். கொரியத்தின்மேல் ஏற்கெனவே பற்றுள்ள உங்கள் மகளுக்கு இது பொருத்தமானது. கட்டுரையில் நாடகங்களைப் பற்றி மட்டும் எழுதாமல், அந்தப் படிப்பை வைத்து இங்கே என்ன செய்யப்போகிறாள் என்பதை எழுத வேண்டும். நம் பகுதியில் இத்தனை கொரிய ஆலைகள் இருக்கும்போது அதற்குச் செய்திக் குறைவில்லை.

பலருக்குத் தெரியாத மற்றொரு வாய்ப்பு உண்டு. இந்தியாவில் ஜப்பானிய மொழியையோ பண்பாட்டையோ முதன்மைப் பாடமாகப் படித்துக்கொண்டிருக்கும் பட்ட மாணவர்களை ஓராண்டு ஜப்பானியப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பும் மெக்ஸ்ட் உதவித்தொகை தனியாக இருக்கிறது. வரலாற்றையோ வணிகவியலையோ படித்துக்கொண்டு வெளியில் மொழி கற்பவருக்கு அது கிடைக்காது. மொழித் துறையில் சேர்ந்தவருக்கே கிடைக்கும். நேரு பல்கலைக்கழகம் போன்ற இடங்களை நான் முதலில் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சீனாவைப் பொறுத்தவரை, அரசு உதவித்தொகையும் வலிமையான பல்கலைக்கழகங்களும் இருந்தாலும், 2020 முதல் 2022 வரை இந்திய மாணவர்கள் விசா இன்றி வீட்டிலேயே முடங்கிக் கிடந்ததை மறக்க முடியாது. சீன மொழியே விருப்பமென்றால் தைவானையும் பாருங்கள். சென்னையில் அவர்களுடைய பொருளாதார, பண்பாட்டு மையம் இருக்கிறது. மொழி கற்கத் தனி உதவித்தொகை தருகிறார்கள். அங்கே பழைய, சுருக்கப்படாத எழுத்தைக் கற்பிக்கிறார்கள். தொடக்கத்தில் கடினமாக இருந்தாலும், பழைய நூல்களைப் படிக்கப் போகிறவருக்கு அதுவே நல்லது.

ஐரோப்பாவை முதுகலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிய, ஆப்பிரிக்கக் கல்விக்கான லண்டன் சோவாஸ் கல்லூரியின் நூலகமும் ஆசிரியர்களும் முதல் தரம், ஆனால் வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் மட்டும் 20,000 பவுண்டுக்கு மேல். நெதர்லாந்தின் லைடனில் 1855-இலேயே ஜப்பானியத்துக்குப் பேராசிரியர் இருக்கை ஏற்பட்டது. அங்கே ஆசியக் கல்வி முதுகலையை ஆங்கிலத்தில் படிக்கலாம். ஜெர்மனியில் டூயிஸ்பர்க்-எசென் பல்கலைக்கழகத்திலும் தற்காலக் கிழக்காசியா பற்றிய ஆங்கில வழி முதுகலை உண்டு. முகவர் சொல்லும் கல்லூரியைப் பற்றி ஒன்றே சொல்வேன்: நான் மேலே சொன்ன எந்த இடத்துக்கும், எந்த அரசு உதவித்தொகைக்கும் முகவர் தேவையில்லை. விண்ணப்பத்தை மாணவரே நிரப்பலாம். எந்த நாட்டில் இருந்தாலும், கொரியாவிலோ ஜப்பானிலோ முழுக்க ஆங்கிலத்திலேயே படித்துமுடிக்கும் பட்டத்தைக் காட்டி யாராவது இழுத்தால், திரும்பி வரும்போது மொழி எந்த நிலையில் இருக்கும் என்று கேளுங்கள்.

எல்லைப் பகுதியில் இருக்கும் நமக்கு ஆவணங்களில் தனிக் கவனம் வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு மாநிலப் பட்டியல் செல்லாது; மத்தியப் பட்டியலில் ஆந்திரத்தின் கீழ் உங்கள் சமூகத்தின் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரே சமூகம் தமிழ்நாட்டுக் கீழ் ஒரு பெயரிலும் ஆந்திரத்தின் கீழ் இன்னொரு பெயரிலும் இருக்கக்கூடும்; உறவினர் அந்தப் பக்கம் வாங்கிய சான்றிதழைப் பார்த்து அப்படியே எழுதிக்கொடுத்தால் சேர்க்கையின்போது சிக்கல் வரும். மீசேவா என்ற ஆந்திர அரசின் சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே மத்திய அரசுப் படிவத்தில், மேல்தட்டு அல்லாதோர் என்ற குறிப்போடு, நடப்பு ஆண்டுக்குரியதாக எம்.ஆர்.ஓ. (மண்டல வருவாய் அலுவலர்) அலுவலகத்திலிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்புச் சான்று, இன்டர் சான்று, ஆதார், பாஸ்போர்ட் நான்கிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். தமிழ் முறையில் இனிஷியலும் தெலுங்கு முறையில் வீட்டுப் பெயரும் கலந்து எழுதப்பட்ட சான்றிதழ்கள் நம் மண்டலங்களில் மிகுதி. வெளிநாட்டு உதவித்தொகைக்கு, சான்றிதழ் உண்மையானது என்று அரசு உறுதி செய்யும் அப்போஸ்டில் முத்திரை வாங்கும் நேரத்தில் அதைத் திருத்த முடியாமல் வாய்ப்பை இழந்தவர்கள் உண்டு.

மத்தியப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றின் இளங்கலைச் சேர்க்கை கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அதைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுத வசதி உண்டு என்றாலும், எந்தப் பட்டத்துக்கு எந்தத் தாள்கள் வேண்டும் என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் சேர்க்கைக் குறிப்பேட்டில் தனியே சொல்கிறது. விண்ணப்பிக்கும்போது தாளைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டால் நல்ல மதிப்பெண் இருந்தும் இடம் கிடைக்காது; அந்தப் பக்கத்தை மகளும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். கியூட் முடிவுக்காகக் காத்திருக்கும் மாதங்களில் கொரிய மொழி வகுப்பு ஒன்றில் அவளைச் சேர்த்துவிடுங்கள். நாடகத்தின் மேல் இருந்த ஆசை, இலக்கணப் பயிற்சியின் சலிப்பைத் தாண்டியும் நிற்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

நீங்கள் பட்டியலிட்டிருக்கும் ஒவ்வொரு துறைக்கும் மகளே ஒரு மின்னஞ்சல் எழுதட்டும். வாரத்துக்கு மொழி வகுப்பு எத்தனை மணி நேரம், மூன்றாம் ஆண்டு மாணவர்கள் எந்த நூலை மூலத்தில் படிக்கிறார்கள், சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் அந்த நாட்டுக்கு உதவித்தொகையில் போனார்கள் என்று மூன்றே கேள்விகள் போதும். நன்றாக நடக்கும் துறையில் யாராவது ஒருவர் விவரமாகப் பதில் எழுதுவார். பதிலாகக் கட்டண விவரத்தையும் வளாகப் படங்களையும் மட்டுமே அனுப்பும் இடத்தை நீங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.